ரொட்டியும் பந்தியும்

தமிழ் நாவல்களில் ஜனங்கள் ஓயாமல் சாப்பிட்டுக்கொண்டே இருக்கிறார்கள். விடிந்ததும் காப்பி, பத்து மணிக்குச் சாப்பாடு, மூன்று மணிக்கு ஏதாவது சிற்றுண்டி, ராத்திரி ரசஞ்சாதம் என்று அத்தியாயத்துக்கு அத்தியாயம் இலை போடப்படுகிறது. கதாநாயகனுக்குக் கோபம் வந்தால் பாதிச் சாப்பாட்டில் எழுந்து போகிறான். கதாநாயகிக்குக் கோபம் தணிந்ததென்றால் மறுநாள் அடை வார்க்கிறாள். இவ்வளவு சாப்பாடு இருந்தும், புஸ்தகத்தை மூடி வைத்து ஒரு வருஷம் கழித்து, நமக்கு ஞாபகம் இருக்கிற சாப்பாடுகள் எத்தனை என்று கணக்கெடுத்தால் ஒரு கைவிரல்களே அதிகம். ஏன் இப்படி? நம் ஆசிரியர்களுக்கு ருசி தெரியாது என்று சொல்ல முடியாது. வற்றல் குழம்பின் மணத்தை எழுத்தில் கொண்டுவரத் தெரிந்தவர்கள் நம்மிடையே நிறையப் பேர் உண்டு. இலையில் என்ன விழுந்தது என்பதை அவர்கள் நன்றாகவே சொல்லிவிடுகிறார்கள். பக்கத்து இலையில் யார் உட்கார்ந்திருந்தார், அவருக்கு அங்கே எப்படி இடம் கிடைத்தது, இடம் கிடைக்காமல் போனவர் யார் என்பதைச் சொல்ல மறந்துபோகிறார்கள். சாப்பாட்டின் கதை பந்தியில் இருக்கிறதே தவிர நாக்கில் இல்லை என்பது என் கட்சி.

இந்தக் கட்சியைச் சோற்றிலிருந்து தொடங்காமல் ரொட்டியிலிருந்து தொடங்குகிறேன். சோறு நமக்கு மிகவும் பழகிப்போன விஷயம். பழகின முகத்தை யாரும் சரியாகப் பார்ப்பதில்லை. அந்நியப் பண்டம் ஒன்றை எதிரே வைத்துக்கொண்டால் சொந்தப் பண்டத்தின் அங்க லட்சணங்கள் புலப்படும். தவிரவும், படித்த குடும்பங்களில் ரொட்டி சுடுவது இப்போது ஒரு மோகமாகப் பரவியிருக்கிறது. 2020-ஆம் வருஷத்து ஊரடங்கின்போது உலகம் முழுவதிலும் வீட்டுக்குள் அடைபட்டவர்கள் மாவைப் புளிக்கவைத்து ரொட்டி சுடக் கற்றுக்கொண்டார்கள். நம் பட்டணங்களிலும் அந்தப் பழக்கம் சிலரிடம் தங்கிவிட்டது. கையால் பிசைந்து, நிதானமாகப் புளிக்கவிட்டுச் சுட்ட ரொட்டிக்குத் தனிக் கடை, தனி விலை. அதைப் பற்றி எழுதுவதற்குத் தனி எழுத்தாளர்கள். அந்த எழுத்தைப் படித்துப் பார்த்தால், மேல்தோல் எப்படி முறுகியது, உள்ளே எத்தனை பெரிய கண்கள் விழுந்தன என்பதெல்லாம் இருக்கிறது. அந்த ரொட்டியை யாரோடு தின்றார்கள் என்பது அநேகமாக இல்லை. நம் நாவல்களில் கண்ட அதே குறைதான்.

ரொட்டியின் விஷயமாவது என்ன? மாவு, தண்ணீர், உப்பு, சாமான் இவ்வளவுதான். மாவையும் தண்ணீரையும் குழைத்து ஒரு ஜாடியில் மூடி வைத்தால், மாவிலேயே இருக்கிற ஈஸ்டும் புளிப்பு உண்டாக்கும் நுண்ணுயிர்களும் சில நாட்களில் கண்விழித்துக்கொள்ளுகின்றன. தினமும் பாதியை எடுத்துவிட்டுப் புது மாவும் தண்ணீரும் கொடுத்துவந்தால், ஒரு வாரம் பத்து நாட்களில் அது நுரைத்துப் பொங்கும் தாய்மாவாகிவிடும். அதில் கொஞ்சம் எடுத்து அன்றைய மாவில் கலந்து பிசைந்து, பல மணி நேரம் பொங்கவிட்டு, உருட்டி, 230 டிகிரி அளவான சூட்டில் சுட வேண்டும். மிச்சம் இருக்கிற தாய்மாவு மறுநாளைக்கு. ஒழுங்காகத் தீனி போட்டு வந்தால் வருஷக்கணக்கில் அதற்குச் சாவில்லை. ஒரு வீட்டுத் தாய்மாவில் ஒரு கரண்டி அடுத்த வீட்டுக்குப் போனால் அங்கேயும் ஒரு பரம்பரை ஆரம்பமாகிவிடுகிறது.

இதைக் கேட்டு நம் வீட்டுப் பெண்கள் சிரிப்பார்கள். இட்லி மாவுக்கு ஈஸ்ட் வாங்கினவர் யார்? அரிசியையும் உளுந்தையும் அரைத்துக் கரைத்து வைத்தால் ராத்திரியோடு ராத்திரியாக அது தானே பொங்குகிறது. வீட்டில் உறை தீர்ந்துவிட்டால் ஒரு கிண்ணத்தை எடுத்துக்கொண்டு, “அக்கா, கொஞ்சம் உறைமோர் இருக்கா?” என்று பக்கத்து வீட்டு வாசலில் நின்றால் தீர்ந்தது. விளக்கு வைத்த பிறகு கொடுக்கக்கூடாது என்று சில வீடுகளில் ஒரு சாஸ்திரம் உண்டு. அது நேரத்துக்குத் தடையே ஒழிய கொடுப்பதற்குத் தடை இல்லை. இந்தச் சின்னக் காரியத்தைக் கொஞ்சம் கவனிக்க வேண்டும். உறைமோர் கேட்டுப் போகிறவளுக்கு வெட்கம் கிடையாது. கொடுக்கிறவளுக்குப் புண்ணியமும் கிடையாது. இன்றைக்கு இவள் கேட்கிறாள், நாளைக்கு அவள் கேட்பாள். கொடுத்தவள் கை மேலே, வாங்கினவள் கை கீழே என்று யாரும் சொல்லவில்லை. பங்கு என்பது இதுதான். தானம் என்பது வேறு. இந்த இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் நான் சொல்லவந்த விஷயம் முழுவதும்.

ரொட்டியிலிருந்து இந்த அண்டைவீட்டுச் சம்பந்தம் எப்படிக் கழன்று விழுந்தது என்பதே ஒரு நாவலுக்குரிய கதை. 1928 ஜூலையில் அமெரிக்காவில் மிஸௌரி மாகாணத்துச் சில்லிகாதி என்ற ஊரில், ஓட்டோ ரோவெடர் என்பவர் அமைத்த யந்திரத்தால் துண்டு போட்ட ரொட்டி விற்பனைக்கு வந்தது. 1961-இல் இங்கிலாந்தில் சோர்லிவுட் என்ற இடத்து ஆராய்ச்சிசாலையில், மாவை அதிவேகமாகப் பிசைந்து புளிக்கும் நேரத்தை மிகவும் சுருக்கிவிடும் முறையைக் கண்டுபிடித்தார்கள். நம் நாட்டில் 1965-இல் சர்க்காரே ‘மாடர்ன் பேக்கரீஸ்’ என்ற ஸ்தாபனத்தை ஏற்படுத்தியது. 2000-ஆம் ஆண்டில் அது தனியார் கைக்குப் போயிற்று. இவற்றையெல்லாம் இகழ்வதற்கில்லை. லட்சக்கணக்கான ஜனங்களுக்கு மலிவாக ரொட்டி கிடைத்தது பெரிய காரியம். ஆனால் துண்டு போட்ட ரொட்டியைப் பிய்க்க வேண்டியதில்லை. பிய்த்துக் கொடுக்க இன்னொரு கை வேண்டியதில்லை. ஒண்டிக்கட்டை ஒருவன் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு ஒரு பொட்டலத்தை மூன்று நாள் வைத்துத் தின்று காலந்தள்ளலாம்.

அதற்கு முந்தின காலத்தில் ரொட்டி இவ்வளவு தனிமையாக இருந்ததில்லை. தெற்கு இத்தாலியில் மாத்தேரா என்ற ஊரில், வீட்டில் பிசைந்த மாவைப் பொது அடுப்புக்குக் கொண்டுபோய்ச் சுட்டு வருவார்கள். ரொட்டிகள் ஒன்றோடொன்று மாறிவிடாமலிருக்க ஒவ்வொரு குடும்பமும் மரத்தில் செதுக்கிய முத்திரை ஒன்றை மாவின்மேல் பதித்துவிடும். மொராக்கோவில் தெருவுக்குத் தெரு இப்படிப் பொது அடுப்பு வைத்திருந்தார்கள். இன்றும் அவற்றில் சில எரிகின்றன. ஆனால் பொது அடுப்பு என்றவுடனே சமத்துவம் வந்துவிட்டதாக நினைக்கக்கூடாது. பிரான்ஸில் நிலப்பிரபுவின் அடுப்பில்தான் குடிகள் ரொட்டி சுடவேண்டும், அதற்குக் கட்டணமும் செலுத்தவேண்டும் என்ற கொடுமை வெகுகாலம் இருந்து, 1789-இல் தொடங்கிய புரட்சியில்தான் ஒழிந்தது. பொது அடுப்பு என்றால் அடுப்பு யாருடையது என்று ஒரு கேள்வி கேட்டுவிடுவது நல்லது.

அந்தப் பிரான்ஸிலேயே 1993-இல், பாரம்பரிய ரொட்டி என்ற பெயரில் விற்பதில் ரசாயனச் சேர்மானம் கூடாது, உறையவைத்த மாவு கூடாது என்று சட்டம் வந்தது. அவர்களுடைய நீண்ட ரொட்டியின் தொழிற்கலையை 2022-இல் யுனெஸ்கோ தன் பண்பாட்டுப் பட்டியலில் சேர்த்தது. எனக்கு அதைவிட ரஸமாகப்படுவது 2016-இல் நடந்தது. ஈரான், துருக்கி, அஸர்பைஜான், கஸகஸ்தான், கிர்கிஸ்தான் ஆகிய 5 நாடுகளின் மெல்லிய ரொட்டிகளைப் பட்டியலில் சேர்த்தபோது, ரொட்டியைச் செய்யும் பண்பாடு என்று மட்டும் எழுதாமல், செய்வதும் பகிர்வதும் ஆகிய பண்பாடு என்று தலைப்பிலேயே எழுதினார்கள். எழுதினவர் யாரோ தெரியாது, விஷயம் தெரிந்தவர். ‘கம்பானியன்’ என்ற ஆங்கிலச் சொல்லின் லத்தீன் வேருக்குள்ளும், கூட உட்கார்ந்து ரொட்டி தின்கிறவன் என்ற அர்த்தம் ஒளிந்துகொண்டிருக்கிறது. நம் பழமொழி என்ன சொல்லுகிறது? உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்கிறது. கூட உண்டவனை நினைக்கச் சொல்லவில்லை. இட்டவனை நினைக்கச் சொல்லுகிறது. லத்தீன்காரன் சாப்பாட்டில் தோழனைக் கண்டான். நாம் கடன்காரனைக் கண்டோம். பழமொழி நல்ல பழமொழிதான். அதன் நிழல் நம் கதைகளின்மேல் நீளமாக விழுந்திருக்கிறது என்பதற்காகச் சொல்லுகிறேன்.

இனி நம் பக்கத்துக்கு வரலாம். விருத்தாசலம் வட்டாரம் மண்ணைச் சுடுவதில் பேர்பெற்றது. பீங்கான் தொழிற்பேட்டையும், அந்தத் தொழிலைக் கற்பிக்கும் அரசினர் நிலையமும் அங்கே உண்டு. செங்கல்லுக்கும் பணியாரத்துக்கும் தமிழில் சுடுவது என்ற ஒரே வினைதான். ஆனாலும் மாவை ரொட்டியாகச் சுடுவது இங்கே வெகுநாள் வேற்றூர்ப் பழக்கமாகவே இருந்தது. வடகிழக்கே புதுச்சேரியில் 1954 வரையில் ஆண்ட பிரெஞ்சுக்காரர்களால் அது தெருவுக்கு வந்தது. கடலுக்கு அப்பால் யாழ்ப்பாணத்தில் அதற்குப் ‘பாண்’ என்று பெயர், சுடுகிற அடுப்புக்குப் ‘போறணை’ என்று பெயர். இரண்டும் போர்த்துகீசியர் விட்டுப்போன சொற்கள். இந்தப் பக்கத்துக் கிராமத்திலோ ரொட்டி என்றால் ஜுரம் என்று அர்த்தம். டாக்டர் ரெண்டு நாளைக்கு ரொட்டியும் பாலும் கொடுங்கள் என்று சொன்ன பிறகுதான் அது வீட்டுக்குள் நுழையும். நோயாளி தனியாகப் படுத்துக்கொண்டு தின்கிற பண்டம். ஆகையால் நம் கதைகளில் ரொட்டி வந்தால் பின்னாலேயே ஆஸ்பத்திரிக் கட்டிலும் வந்துவிடும் என்பது வழக்கமாகிவிட்டது.

இப்போது நிலைமை மாறிவிட்டது. சிறு ஊர்க் கடைத்தெருவிலும் பேக்கரிப் பலகை தொங்குகிறது. ஒரு பன்னை இரண்டாகப் பிய்த்து, ஆளுக்குப் பாதியாக டீயில் தோய்த்து, இரண்டு பேர் நின்றுகொண்டே தின்கிறார்கள். அங்கே இலை இல்லை; ஆகவே யார் வீட்டு இலை என்ற கேள்வியும் இல்லை. இதை ஒரு பெரிய சமூக மாறுதல் என்று யாரும் மேடை போட்டுப் பேசவில்லை. ஆனாலும் ஒரு நாவலாசிரியன் பேக்கரி வாசலில் கால்மணி நேரம் நின்றால் அவனுக்கு ஓர் அத்தியாயம் கிடைக்கும்.

விருத்தாசலத்துக்குப் பக்கத்தில் கருவேப்பிலங்குறிச்சி என்று ஓர் ஊர் இருக்கிறது. அதன் பெயரைச் சொல்லும்போதெல்லாம் எனக்கு இந்த விமரிசனத்துக்கு வேண்டிய ஒரு சொல் கிடைத்துவிடுகிறது. கருவேப்பிலை இல்லாமல் தாளிதம் இல்லை. மணம் முழுவதையும் அதுதான் கொடுக்கிறது. கொடுத்த பிறகு அதை இலை ஓரத்தில் ஒதுக்கிவிடுகிறோம். காரியம் ஆனதும் கைவிடப்படுகிறவனைக் கருவேப்பிலை என்று சொல்லுவது நம் வழக்கு. நம் கதைகளில் வரும் ஏழை பெரும்பாலும் கருவேப்பிலைப் பாத்திரம். அவன் பசியோடு வாசலுக்கு வருகிறான், கதாநாயகி சோறு போடுகிறாள், அவளுடைய நல்ல மனசு மணக்கிறது, அவன் ஒதுக்கப்படுகிறான். அடுத்த அத்தியாயத்தில் அவனைக் காணோம். அவனுக்குப் பெயர் உண்டா, சாப்பிடும்போது அவன் என்ன நினைத்தான், மறுநாள் எங்கே சாப்பிட்டான் என்று ஆசிரியர் கேட்டுக்கொள்ளுவதில்லை.

பழைய இலக்கியம் இந்த விஷயத்தில் நம்மைவிட ஜாக்கிரதையாக இருந்தது. வள்ளுவர் விருந்தோம்பலுக்கு ஓர் அதிகாரமும் ஈகைக்கு வேறோர் அதிகாரமும் வைத்தார். மோந்தால் வாடுகிற அனிச்சப் பூவைவிட, முகம் மாறிப் பார்த்தாலே விருந்தாளி வாடிவிடுவான் என்று அவர் சொன்னது, சாப்பிட வந்தவனின் மனசைப் பற்றி நம் மொழியில் சொல்லப்பட்ட மிக நுட்பமான வார்த்தை. பகுத்து உண்ணுகிற உணவுக்குப் ‘பாத்தூண்’ என்று ஒரு சொல்லே அவரிடம் இருக்கிறது. இன்றைய தமிழில் ‘அன்னதானம்’ என்ற சொல்லைத் தெரியாதவர் இல்லை; ‘பாத்தூண்’ என்றால் அகராதியைத் தேடுகிறோம். ஒரு சொல் வழக்கொழிந்தால் அதோடு ஒரு பழக்கமும் மெலிந்தது என்றுதான் அர்த்தம்.

மணிமேகலையில் வருகிற ஆபுத்திரன் கதையை அட்சய பாத்திரத்தின் மகிமைக்காகவே எல்லோரும் சொல்லுகிறார்கள். அதன் சோகமான பாதியை யாரும் சொல்லுவதில்லை. பாத்திரம் கிடைப்பதற்கு முன்னால் அவன் மதுரையில் பிச்சை எடுத்து, குருடரையும் முடவரையும் கூப்பிட்டு ஊட்டி, மிஞ்சினதைத் தின்று, பிச்சையோட்டையே தலைக்கு வைத்துக்கொண்டு தூங்குகிறவன். சிந்தாதேவி கொடுத்த பாத்திரம் வந்த பிறகு எல்லோருக்கும் போடுகிறான். பிறகு நாடு செழித்துவிடுகிறது. சாப்பிட ஆள் இல்லை. மணிபல்லவத் தீவில் தனியாக விடப்பட்டபோது, எடுக்க எடுக்கக் குறையாத பாத்திரம் கையில் இருந்தும், தன் ஒருவன் வயிற்றுக்காக அதை உபயோகிக்க மனமில்லாமல், கோமுகிப் பொய்கையில் விட்டுவிட்டுப் பட்டினி கிடந்து உயிரை விடுகிறான். உண்பவன் இல்லாவிட்டால் கொடுப்பவனும் இல்லை என்பதை இதைவிடக் கடுமையாகச் சொல்ல முடியாது. ஆபுத்திரன் தாதாவாக இருப்பதைவிடப் பந்தியில் ஒருவனாக இருப்பதையே விரும்பினவன் என்று எனக்குப் படுகிறது. சாத்தனாரிடம் கருவேப்பிலைப் பாத்திரம் இல்லை.

அந்தப் பரம்பரையில் வந்த ஒரு வசனகர்த்தாவைத் தமிழ் விமரிசகர்கள் கவனிக்காமல் விட்டுவிட்டார்கள். விருத்தாசலத்துக்குக் கிழக்கே நெய்வேலியைத் தாண்டினால் வடலூர். 1867 மே 23-ஆம் தேதி இராமலிங்க சுவாமிகள் அங்கே சத்திய தருமச்சாலையைத் தொடங்கி மூட்டிய அடுப்பு அணையாமல் காக்கப்பட்டு வருகிறது. வந்தவர்களுக்கு ஜாதி, மதம் கேட்காமல் சோறு கிடைக்கிறது. இதை எல்லோரும் அறிவார்கள். அவர் எழுதிய ‘ஜீவகாருண்ய ஒழுக்கம்’ என்ற வசன நூலைப் பக்தர்கள் படிக்கிறார்கள்; கதை எழுதுகிறவர்கள் படிப்பதில்லை. பசி வந்தால் உடம்பில் எது எது எப்படித் தளர்கிறது, புத்தி எப்படிக் கெடுகிறது என்று அதில் அவர் படிப்படியாகச் சொல்லிக்கொண்டு போகிறார். விடிந்ததும், நேற்று வந்த பசி இன்றும் வருமே, பெண்டு பிள்ளைகளோடு எங்கே போவோம் என்று கலங்குகிற குடும்பஸ்தனின் மனசு அதில் இருக்கிறது. 19-ஆம் நூற்றாண்டுத் தமிழ் வசனத்தில் பசித்தவனின் உள்ளே புகுந்து எழுதின பக்கங்கள் அவை. பசித்தவனை வெளியிலிருந்து பார்த்து இரங்குவது எளிது. அவன் கண்ணால் பொழுது விடிவதைப் பார்ப்பதற்கு ஒரு நாவலாசிரியனின் மனசு வேண்டும். சுவாமிகளுக்கு அது இருந்தது.

ஆனால் ஒரே அடுப்பில் வெந்ததை ஒரே வரிசையில் உட்கார்ந்து தின்பது இந்த நாட்டில் எவ்வளவு கஷ்டமான காரியம் என்பதற்கு, தமிழ்ச் சிறுகதையின் சரித்திரத்திலேயே ஒரு சாட்சி இருக்கிறது. ‘குளத்தங்கரை அரசமரம்’ எழுதின வ. வே. சு. ஐயர் 1922-இல் சேரன்மாதேவியில் ஒரு குருகுலம் தொடங்கினார். தேசபக்தியும் தமிழும் ஒழுக்கமும் கற்பிக்க ஏற்பட்ட இடம். பெற்றோர் கேட்டுக்கொண்டதற்கிணங்க இரண்டு பிராமணப் பையன்களுக்கு மட்டும் தனியாகச் சாப்பாடு போட்டார்கள். ஐயருக்கு மற்றவர்களோடு உட்கார்ந்து சாப்பிடுவதில் தயக்கம் இல்லை. அந்த இரண்டு இலைகளை மட்டும் அவரால் வரிசைக்குக் கொண்டுவர முடியவில்லை. அந்த இரண்டு இலைகள் தமிழ்நாட்டுக் காங்கிரஸையே இரண்டுபடுத்தின. வரதராஜுலு நாயுடுவும் ஈ. வெ. ராமசாமியும் எழுப்பின கேள்விக்குச் சரியான பதில் இல்லாமல் குருகுலம் நலிந்தது. 1925 ஜூனில் ஐயர் பாபநாசம் அருவியில் காலமானார். கம்பனைக் கரைத்துக் குடித்த மேதை, உயிரைப் பணயம் வைத்த தேசபக்தர். அவருடைய ஸ்தாபனம் சாப்பாட்டுக் கூடத்தில் தோற்றது. நம் முதல் சிறுகதைகளில் ஒன்றை எழுதினவரின் வாழ்க்கையில் நடந்த மிகப் பெரிய கதை இது. அவர் அதை எழுதவில்லை.

பஞ்சாபில் குருத்வாராக்களின் லங்கரில் இந்தக் கேள்விக்கு நூற்றாண்டுகளுக்கு முன்பே ஒரு விடை சொல்லியிருக்கிறார்கள். வந்தவர் யாரானாலும் தரையில் வரிசையாக உட்கார வேண்டும். ரொட்டியை இரண்டு கையையும் ஏந்தி வாங்கிக்கொள்ள வேண்டும். அமிருதசரஸில் மாவு பிசைகிறவர், ரொட்டி தட்டுகிறவர், எச்சில் தட்டு கழுவுகிறவர் பலரும் தாமாக வந்து வேலை செய்கிறவர்கள். இன்றைக்குப் பரிமாறினவர் சற்று நேரத்தில் அதே வரிசையில் உட்காருவார். கை ஏந்துகிறது எல்லோருக்கும் பொதுவாகிவிட்டால் ஏந்துவதில் அவமானம் என்ன இருக்கிறது? மேலே சொன்ன உறைமோர்க் கிண்ணத்தின் விசுவரூபம் அது.

நம்முடைய நல்ல சிறுகதைகள் இந்த அவமானத்தின் விளிம்பில்தான் பிறந்திருக்கின்றன. தி. ஜானகிராமனின் ‘பரதேசி வந்தான்’ கதையில் கல்யாணப் பந்தியில் உட்கார்ந்துவிட்ட பரதேசியை வீட்டு வக்கீல் எழுப்பி வெளியேற்றுகிறார். பிறகு அந்த வீட்டில் விழுகிற துக்கத்தை ஆசிரியர் சாபத்தின் பலன் போலவும், தற்செயல் போலவும் இரண்டு விதமாகவும் படிக்க விட்டிருக்கிறார். வாசகன் சாபத்தை நினைத்து நடுங்குகிறான். கதையின் பலம் அதற்கு முந்தின நிமிஷத்தில் இருக்கிறது: போட்ட இலையிலிருந்து ஒரு மனிதனை எழுப்பும் நிமிஷம். ஜானகிராமனைப்போல் ருசியை எழுதினவர் தமிழில் குறைவு. அவரே இந்தக் கதையில் ருசியைப் பின்னுக்குத் தள்ளிவிட்டு இலையை முன்னே வைத்திருக்கிறார் என்பது கவனிக்கத்தக்கது.

கு. அழகிரிசாமியின் ‘ராஜா வந்திருக்கிறார்’ இதற்கு மறுபக்கம். தீபாவளிக்குப் புதுத்துணி வாங்கவே திணறுகிற ஏழைக் குடும்பத்தில், தாயம்மாள் ஓர் அனாதைப் பையனைத் தன் குழந்தைகளோடு சேர்த்து எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டிச் சோறு போடுகிறாள். இதையே ஒரு பணக்கார வீட்டில் நடப்பதாக எழுதியிருந்தால் அது தானம் ஆகியிருக்கும்; பையன் கருவேப்பிலை ஆகியிருப்பான். தாயம்மாளுக்குக் கொடுப்பதற்கு மிச்சம் என்று ஒன்றும் இல்லை. தன் குழந்தைகளுடையதைப் பங்கு போடத்தான் அவளால் முடியும். அந்தப் பையனுக்கு ராஜா என்ற பெயரையும் வைத்து, பணக்கார வீட்டுக்கு வந்த நிஜ ராஜாவோடு அவனைச் சமமாக நிறுத்திவிடுகிறார் அழகிரிசாமி. ஒரு குழந்தையின் வாயால் அதைச் சொல்லவும் வைக்கிறார். தமிழில் பாத்தூணைப் பற்றி எழுதப்பட்ட கதைகளில் இதை முதலில் வைப்பேன்.

ஜெயமோகனின் ‘அறம்’ தொகுதியில், 2011-இல் வந்த ‘சோற்றுக்கணக்கு’ இன்னும் சிக்கலான கணக்கைப் போடுகிறது. திருவனந்தபுரத்தில் படிக்க வந்த ஏழைப் பையனுக்கு உறவுக்காரர் வீட்டில் கிடைக்கிற சோற்றுக்குக் கணக்கு எழுதப்படுகிறது. கெத்தேல் சாகிபின் சாப்பாட்டுக் கடையில் கணக்கே இல்லை. ஒரு பெட்டி இருக்கிறது, போடுகிறவர் போடலாம். பையன் வருஷக்கணக்கில் அங்கே சாப்பிடுகிறான். பின்னால் உத்தியோகம் கிடைத்து, சீட்டுப் பணத்தையெல்லாம் கொண்டுவந்து பெட்டியில் திணிக்கிறான். சாகிப் திரும்பிக்கூடப் பார்க்காமல் வழக்கம்போல் பரிமாறுகிறார். சாகிப் அந்த நிமிஷத்தில் ஒரு புன்னகை செய்திருந்தால் கதை செத்துப்போயிருக்கும். முன்பு அவர் பையனின் வறுமையைப் பார்க்கவில்லை. இப்போது அவன் பணத்தையும் பார்க்கவில்லை. கொடுக்கிறவர் தம்மைக் கொடுக்கிறவராக நினைக்காத இடத்தில் வாங்குகிறவனின் தலை நிமிருகிறது. கதையில் சாகிபின் உருவத்தைச் சற்றே பெரிதாக, தெய்வத்தின் அளவுக்கு உயர்த்திவிட்டார் என்ற குறை எனக்கு உண்டு. தெய்வத்திடம் சாப்பிடுவது சுலபம். மனுஷனிடம் சாப்பிடுவதுதான் கடினம். ஆனாலும் அந்தத் திரும்பிப் பாராத முகம் ஒன்றுக்காகவே கதை நிற்கும்.

இந்த மூன்று கதைகளையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், சாப்பாட்டைப் பற்றின எழுத்துக்கு ஓர் உரைகல் கிடைக்கிறது. சாப்பிட்டவன் சாப்பிட்டு எழுந்த பிறகு, உட்கார்ந்தபோது இருந்ததைவிடக் குனிந்து எழுந்தானா, நிமிர்ந்து எழுந்தானா? இதைச் சொல்லாத கதை எத்தனை பாயசம் ஊற்றினாலும் சமையல் குறிப்புதான்.

ரொட்டி சுடுகிற புது மோகத்துக்கும் இதே உரைகல்தான். நிதானமாகப் புளித்த மாவு, கையால் பிசைந்த உருண்டை, முறுகிய மேல்தோல் எல்லாம் நல்லவையே. யந்திரம் பறித்த காலத்தை ரொட்டிக்குத் திருப்பிக் கொடுக்கிறார்கள்; அதைப் பாராட்டத்தான் வேண்டும். ஆனால் யந்திரம் காலத்தோடு கூட அடுத்த வீட்டையும் பறித்துக்கொண்டு போயிற்று. காலத்தை மட்டும் மீட்டுக்கொண்டு அடுத்த வீட்டை விட்டுவிட்டால், பழைய பொட்டல ரொட்டிக்குப் பதிலாக விலை உயர்ந்த தனிமை ஒன்று நம் அலமாரியில் உட்கார்ந்திருக்கும். தாய்மாவை ஒரு கரண்டி பக்கத்து வீட்டுக்குக் கொடுத்தவர், ரொட்டிக் கலையின் பாதியைக் கற்றுக்கொண்டுவிட்டார் என்பேன். பக்கத்து வீட்டில் சுட்டதைத் தயக்கமில்லாமல் வாங்கித் தின்றவர் மீதிப் பாதியையும் கற்றவர். இரண்டாவதுதான் கஷ்டம்.

அது எவ்வளவு கஷ்டம் என்பது நம் பள்ளிக்கூடங்களில் தெரிகிறது. 1956-இல் காமராஜர் காலத்தில் மாநிலத்தில் பரவத் தொடங்கிய மதிய உணவு, 1982-இல் எம். ஜி. ஆர். காலத்தில் சத்துணவாக விரிந்தது. 2022 செப்டம்பர் முதல் காலைச் சிற்றுண்டியும் சேர்ந்தது. உலகம் மெச்சுகிற காரியம். ஆனால் 2018-இல் திருப்பூர் மாவட்டத்துப் பள்ளிக்கூடம் ஒன்றில், சமைக்க வந்த அம்மாள் தலித் என்பதற்காகப் பெற்றோர் சிலர் அவள் சமைக்கக்கூடாது என்று தடுத்தார்கள். சேரன்மாதேவிக்கும் இதற்கும் இடையே ஏறக்குறைய நூறு வருஷங்கள். அங்கே யாரோடு உண்பது என்பது கேள்வி. இங்கே யார் கையால் உண்பது என்பது கேள்வி. போடுவதற்கு நாம் எப்போதும் தயார். வாங்கிச் சாப்பிடுவதில்தான் நம் பண்பாடு தடுமாறுகிறது.

பாட்டனாரும் பேரனும் எழுதாமல் விட்ட நாவல் இதில் இருக்கிறது. அந்தப் பள்ளிக்கூடத்துச் சமையற்கட்டில், புகைக்கு நடுவே நின்றுகொண்டு, தன் குழம்பை யார் தொடுவார், யார் தொடமாட்டார் என்று பார்த்துக்கொண்டிருக்கிற அந்த அம்மாளின் கண்ணிலிருந்து அந்த நாவலைத் தொடங்கலாம். வெந்தயம் எவ்வளவு, புளி எவ்வளவு என்று அவளுக்குத் தெரியும்; அதை ஆசிரியர் சொல்லித்தர வேண்டியதில்லை. தட்டை ஏந்திக்கொண்டு முதலில் வந்து நிற்கிற குழந்தை யார் என்பதை மட்டும் சொன்னால் போதும்.